டாக்டைல் சுவிட்ச் என்றால் என்ன? வேகத்தடையிலிருந்து தொடங்குவோம்

"டாக்டைல்னா டக்கு டக்குன்னு சத்தம் வருமே, அதுதானே?" முதல் மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி சுவிட்ச் உள்ள கீபோர்டு, வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. இரண்டாவது, "பிரவுன் வாங்கினா போதும்னு எல்லாரும் சொல்றாங்களே?" (பிரவுன் என்பது செர்ரி நிறுவனத்தின் பழுப்பு நிற டாக்டைல் சுவிட்ச்.) மூன்றாவது, "எத்தனை கிராம் வாங்கணும்?" மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், சத்தம், எடை, புடைப்பு என்ற வெவ்வேறு மூன்று விஷயங்கள் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடப்பதுதான். அவற்றைப் பிரித்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

சாலை, மேடு, வேகத்தடை

நம்ம குமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் சாலை மெல்ல மெல்ல ஏறும். வண்டி மூச்சு வாங்கும், ஆனால் எந்த இடத்திலும் குலுங்காது. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலில் சாலை சமதளம்தான், ஆனால் குறுக்கே வேகத்தடை இருக்கிறது. ஏறி இறங்கியதும் கண்ணை மூடியிருந்தாலும் தெரிந்துவிடும்.

கீபோர்டில் ஸ்பிரிங் என்பது அந்த ஏற்றம். அமுக்க அமுக்க எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். ஏற்றம் மட்டும் இருந்தால் அந்த சுவிட்ச் லீனியர். ஏற்றத்தோடு நடுவில் ஒரு வேகத்தடையும் இருந்தால் டாக்டைல். விரல் ஒரு சின்ன எதிர்ப்பில் ஏறி, சட்டென்று இறங்கும். அந்த எதிர்ப்பைத்தான் இந்தக் கட்டுரையில் புடைப்பு என்கிறோம்.

சத்தம்? பைக்கின் பின்னால் மீன் பெட்டி கட்டியவர் அதே வேகத்தடையில் ஏறி இறங்கினால் பெட்டி தடதடக்கும். வேகத்தடை அதேதான், சத்தம் பெட்டியுடையது. புடைப்போடு, சத்தம் எழுப்புவதற்கென்றே தனியாக ஓர் உறுப்பையும் வைத்திருக்கும் சுவிட்சுக்கு கிளிக்கி என்று பெயர். ப்ளூ சுவிட்ச் இந்த வகை. டாக்டைலில் அந்தப் பெட்டி கிடையாது. கீ அடியில் போய் முட்டும் ஓசை எல்லா சுவிட்சிலும் வரும், அது வேறு கணக்கு.

சுருக்கமாக: லீனியரில் ஏற்றம் மட்டும். டாக்டைலில் ஏற்றமும் வேகத்தடையும். கிளிக்கியில் கூடவே மீன் பெட்டி.

நீங்கள் இதுவரை தட்டியதும் டாக்டைல்தான்

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் பள்ளி லேபிலும் கிடக்கும் சாதாரண கீபோர்டிலும் புடைப்பு உண்டு. ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அமுக்கினால் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு பொசுக்கென்று மடங்கும். அந்த மடங்கல்தான் புடைப்பு. ரப்பர் தோட்டம் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அது பெரும்பாலும் சிலிக்கோன், நம்ம மரத்துப் பால் அல்ல.

வித்தியாசம் எங்கே என்றால், ரப்பர் குமிழில் எழுத்து விழுவது ஏறக்குறைய அடிமட்டத்தில். குமிழ் முழுவதும் மடங்கி, கீழே இருக்கும் சவ்வை அழுத்தினால்தான் எழுத்து வரும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் அடிவரை குத்தியே பழகியிருப்போம். மெக்கானிக்கலில் பாதி வழியிலேயே எழுத்து விழுந்துவிடும். புடைப்பின் பயன் இதுதான்: "போதும், விழுந்துவிட்டது" என்று விரலுக்குச் சொல்வது. விரல் அதைக் கேட்கப் பழகுவதற்குச் சில வாரம் ஆகும்.

சுவிட்சின் உள்ளே

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் என்ற வடிவத்தைத்தான் இன்று சந்தையில் உள்ள பெரும்பாலான சுவிட்சுகள் பின்பற்றுகின்றன. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அளவில் செய்யத் தொடங்கின. ஒரு சுவிட்சைக் கழற்றினால் ஐந்து உறுப்புகள்: மேல் கூடு, கீழ்க் கூடு, நடுவில் ஏறி இறங்கும் தண்டு, அதன் கீழே ஸ்பிரிங், பக்கவாட்டில் இரண்டு மெல்லிய செப்புக்கலவைத் தகடுகள்.

தண்டின் ஒரு பக்கத்தில் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். கீயைத் தொடாதபோது இந்தக் கால்கள் ஒரு தகட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் இரண்டு தகடுகளும் தொடாது. தண்டு இறங்கும்போது கால்கள் விலகும், தகடுகள் ஒன்றையொன்று தொடும், மின்சுற்று முழுமையாகும், எழுத்து விழும்.

லீனியரில் அந்தக் கால்கள் வழவழப்பான சரிவாக இருக்கும். டாக்டைலில் அதே கால்களில் ஒரு மூக்கு புடைத்திருக்கும். தண்டு இறங்கும்போது அந்த மூக்கு தகட்டை ஒதுக்கிக்கொண்டு போயாக வேண்டும். ஒதுக்கும்போது எதிர்ப்பு கூடுகிறது, மூக்கு தாண்டியதும் விழுகிறது. அவ்வளவுதான் தொழில்நுட்பம். மூக்கு பெரிதாக இருந்தால் புடைப்பு பெரிது, மூக்கு மேலே இருந்தால் புடைப்பு சீக்கிரம் வரும், மூக்கு உருண்டையாக இருந்தால் விரலுக்கும் உருண்டையாகத் தெரியும்.

எழுத்து எப்போது விழுகிறது: மக்காவும் மகாவும்

எம்எக்ஸ் வடிவத்தில் கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். சுமார் 2 மில்லிமீட்டரில் எழுத்து பதிவாகும். அதைப் பதிவுப் புள்ளி என்போம். பெரும்பாலான டாக்டைல்களில் புடைப்பின் உச்சி இதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். புடைப்பும் பதிவும் ஒன்றே என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. சில சுவிட்சுகளில் கீயைத் தொட்ட உடனே புடைப்பு வந்து முடிந்துவிடும், பதிவுக்கு இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். அவற்றில் புடைப்பிலேயே விரலை எடுத்தால் எழுத்து விட்டுப்போகும்.

விரலை எடுக்கும்போதும் ஒரு புள்ளி உண்டு. கீ அந்த உயரத்துக்கு மேலே வந்தால்தான் அடுத்த அமுக்கலை கீபோர்டு தனியாக எண்ணும். இது மீள்புள்ளி. ஆங்கிலம் மட்டும் தட்டுபவர்கள் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டுபவர்கள் படவேண்டும். ஏன் என்பதற்கு நம்ம ஊர்ச் சொல்லையே எடுப்போம்.

தமிழ்99-ல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். "மக்கா" என்று அழைக்க ம, க, க, ஆ என நான்கு தட்டல் போதும். இப்போது க-வை இரண்டாவது முறை தட்டும்முன் விரல் மீள்புள்ளி வரை எழவில்லை என்று வையுங்கள். இரண்டாவது க எண்ணப்படாது. திரையில் "மகா" நிற்கும். நண்பனை அழைத்தது பட்டப்பெயர் மாதிரி ஆகிவிடும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். சுவிட்சின் தகடு அழுக்கேறியோ தேய்ந்தோ இருந்தால் ஒரே அமுக்கலில் தொடர்பு விட்டு விட்டுச் சேர்ந்து இரண்டாக எண்ணப்படும். இதற்குச் சாட்டரிங் என்று பெயர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடிநிற்கும், கண்ணில் பட்டுவிடும். தமிழ்99-ல் "மகள்" என்று தட்டினால் "மக்கள்" என்று விழும். பிழையே தெரியாது, கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போன பிறகுதான் தெரியும்.

ஆக, புடைப்பு முதலில், பதிவு பிறகு, எழும்போது மீள்புள்ளி. தமிழ்99 தட்டுபவர் வாங்க வேண்டியது விரலைச் சுறுசுறுப்பாக மேலே தள்ளிவிடும் சுவிட்ச். புடைப்பு பெரிதாகவும் ஸ்பிரிங் மெலிதாகவும் இருந்தால் மேலே வரும் வழியிலும் அந்த மூக்கு உராய்ந்து கீ மந்தமாக எழும். பெரிய புடைப்புக்கு ஓரளவு கனமான ஸ்பிரிங் வைப்பதற்கு இதுவே காரணம்.

கிராம் கணக்கில் உள்ள குழப்பம்

பெட்டியில் 55, 62, 67 என்று எழுதியிருக்கும். சில நிறுவனங்கள் சென்டிநியூட்டன் என்று போடும், சில கிராம் என்று போடும். நம் தேவைக்கு இரண்டும் ஒன்றே. குழப்பம் அதில் இல்லை. அந்த எண் எந்த இடத்தில் அளந்தது என்பதுதான் குழப்பம். சிலர் பதிவுப் புள்ளியில் அளந்ததைப் போடுவார்கள், சிலர் புடைப்பின் உச்சியில், சிலர் கீ அடியில் முட்டும் இடத்தில். போபா யூ4டி என்ற சுவிட்ச் 62, 68 என இரண்டு எடையில் வரும். அவை அடியில் முட்டும் எடை. செர்ரி பிரவுனின் 55 என்பது புடைப்பின் உச்சி. 62-ஐயும் 55-ஐயும் பக்கத்தில் வைத்து "இது ஏழு கிராம் கனம்" என்று சொல்வது, மார்த்தாண்டத்திலிருந்து அளந்த தூரத்தையும் நாகர்கோவிலிலிருந்து அளந்த தூரத்தையும் ஒப்பிடுவது மாதிரி.

வீட்டிலேயே பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. 10 ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். ஒரு கீயைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றியுள்ள கீகளின் மூடியைக் கழற்றிவிடுங்கள். நாணயம் கீயைவிட அகலம், பக்கத்து மூடியில் தட்டினால் கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொரு நாணயமாக நடுவில் மெதுவாக அடுக்குங்கள். லீனியர் என்றால் நாணயம் ஏற ஏற கீ துளித்துளியாக இறங்குவது தெரியும். டாக்டைல் என்றால் ஐந்து, ஆறு வரை லேசாக இறங்கி நிற்கும், பிறகு ஒரு நாணயத்தில் திடீரென்று உள்ளே போய் எழுத்து விழும். செர்ரி பிரவுனில் ஏழாவது அல்லது எட்டாவது நாணயத்தில் இதை எதிர்பார்க்கலாம், ஏழு நாணயம் சுமார் 54 கிராம். கீக்குக் கீ ஒரு நாணயம் முன்பின் ஆகும். அந்தத் திடீர் இறக்கம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பெரிய புடைப்பு.

நாங்கள் வலியுறுத்துவது இதைத்தான்: விரல் உணர்வது உச்சியின் எண்ணை அல்ல, உச்சிக்கும் அதற்கு அடுத்த பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. நிறுவனங்கள் வெளியிடும் விசை வரைபடத்தில் இது நன்றாகத் தெரியும். கிடைக்கோடு எவ்வளவு இறங்கியது, செங்குத்துக்கோடு எவ்வளவு எதிர்ப்பு. கோட்டில் குன்று எங்கே, அதன் பின்னால் பள்ளம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள், மற்ற எண்களை விட்டுவிடலாம்.

பிரவுன் பற்றி ஒரு வார்த்தை

பிரவுனில் உச்சி சுமார் 55, பதிவாகும் இடத்தில் சுமார் 45. வித்தியாசம் 10 மட்டுமே. ரப்பர் குமிழின் பொசுக்கென்ற மடங்கலில் பழகிய விரலுக்கு இது சாலையில் கிடக்கும் கூழாங்கல் மாதிரித்தான் தெரியும். "காசு கொடுத்து வாங்கினேன், ஒண்ணும் தெரியலையே" என்ற ஏமாற்றம் வருவது இதனால். சுவிட்ச் கெட்டுப்போகவில்லை. அது அப்படித்தான்.

பிரவுன் மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. புடைப்பு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாதவருக்கு அது நடுவழி. ஆனால் டாக்டைல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வாங்கும் முதல் சுவிட்சாக அதைப் பரிந்துரைப்பது, காரம் எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு வெள்ளரிக்காய் கொடுப்பது போல.

நிறத்தையும் நம்ப வேண்டாம். சிவப்பு லீனியர், பழுப்பு டாக்டைல், நீலம் கிளிக்கி என்பது செர்ரியின் வழக்கம். கைல் பாக்ஸ் ஒயிட் கிளிக்கி, கைல் ஸ்பீட் காப்பர் டாக்டைல், அக்கோ லாவெண்டர் பர்ப்பிளும் டாக்டைல். பெயரை முழுதாகத் தேடிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

யாருக்கு எது

நாள் முழுக்கப் படிவம் நிரப்புபவர், டிடிபி செய்பவர்: புடைப்பு தெளிவாக, ஆனால் உருண்டையாக இருக்க வேண்டும், அடியில் முட்டும் எடை 60 பக்கம். போபா யூ4டி 62 நல்ல தொடக்கம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் வரை முடித்தவர்களின் விரல் இயல்பாகவே ஓங்கி விழும், அவர்களுக்கு 68 உறுத்தாது. 78 என்று விற்கும் கனமான ஸ்பிரிங்கை முதல் கீபோர்டுக்கு யாரும் வாங்க வேண்டாம். கடையில் ஐந்து நிமிடம் தட்டும்போது சுகமாகத்தான் இருக்கும், சாயங்காலம் சுண்டுவிரல் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

ஒரே அறையில் குழந்தை தூங்குகிறது, அல்லது ஹாஸ்டல்: சைலண்ட் டாக்டைல். தண்டு மேலும் கீழும் முட்டும் இடத்தில் மெத்தென்ற சிறு துண்டுகள் வைத்திருப்பார்கள். போபா யூ4 இந்த வகை. பெயரில் டி இருக்கிறதா இல்லையா என்று இரண்டு முறை பாருங்கள், டி இருந்தால் சத்தமுள்ளது. சைலண்டில் அடி கொஞ்சம் மெத்தையாகத் தெரியும், சிலருக்கு அது பிடிக்காது.

கேம் மட்டும்தான் என்றால் டாக்டைலே வேண்டியதில்லை. லீனியர் போதும்.

வாங்குமுன்

முதலில் ஹாட்ஸ்வாப் கீபோர்டு வாங்குங்கள். சுவிட்ச் பற்றவைக்கப்படாமல் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும், பிடிக்காவிட்டால் சுவிட்சை மட்டும் மாற்றலாம். முதல் கீபோர்டில் தவறாகத் தேர்ந்தெடுப்பது சகஜம், அதற்கு இது காப்பீடு. பிறகு 90 சுவிட்சை ஒரேயடியாக வாங்காமல், பத்து மட்டும் வாங்கி நடுவரிசையில் மாட்டி ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். விரல் தங்கும் வரிசை அதுதான், அங்கே பிடித்தால் எல்லா இடத்திலும் பிடிக்கும்.

இரண்டு பொறிகள். மலிவான சில போர்டுகளின் சாக்கெட் அவுட்டெமு சுவிட்சின் மெல்லிய ஊசிகளுக்கு மட்டுமே பொருந்தும். விவரத்தில் "அவுட்டெமு சுவிட்ச் மட்டும்" என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். மற்றது, மூன்று கால், ஐந்து கால் விவகாரம். ஐந்து கால் சுவிட்சில் கூடுதலாக இரண்டு பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். போர்டில் அவற்றுக்குத் துளை இல்லையென்றால் நகவெட்டியால் நறுக்கிவிடலாம், ஒன்றும் கெடாது. உலோக ஊசியை மட்டும் நறுக்கிவிடாதீர்கள்.

"மெக்கானிக்கல் ஃபீல்", "மெக்கானிக்கல் டச்" என்று வண்ண விளக்கோடு வருபவை பெரும்பாலும் ரப்பர் குமிழ்தான். உண்மையான மெக்கானிக்கல் என்றால் சுவிட்ச் செய்த நிறுவனத்தின் பெயர் விவரத்தில் இருக்கும். காந்த சுவிட்ச் போர்டுகளிலும் உயரம் குறைந்த சுவிட்ச் போர்டுகளிலும் சாதாரண எம்எக்ஸ் சுவிட்ச் பெரும்பாலும் வேலை செய்யாது.

உப்புக்காற்றும் எறும்பும்

நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு இது தனிக் கவலை. நல்ல சுவிட்சுகளில் தகடுகள் தொடும் இடத்தில் தங்கப்பூச்சு உண்டு, அது துருப்பிடிக்காது. ஆனால் ஸ்பிரிங்கும் சுவிட்சைப் பிடித்திருக்கும் இரும்புத் தட்டும் பிடிக்கும், சாக்கெட்டின் ஊசியிடுக்கில் உப்பும் ஈரமும் சேரும். இரண்டு மழைக்காலமும் தொடும் மாவட்டம், ஈரம் வற்ற நேரமே கிடைக்காது. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள், இரவில் துணி போட்டு மூடுங்கள். தண்டைச் சுற்றிச் சதுரச் சுவர் எழுப்பிய கைல் பாக்ஸ் வகை தூசிக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எறும்புக்கு எந்தச் சுவரும் கிடையாது. கீபோர்டுக்கு மேல் வாழைக்காய் சிப்ஸ் சாப்பிடாமல் இருப்பதுதான் வழி.

எண்ணெய் விடும் ஆசையும் வரும். லீனியரில் தண்டில் எங்கே தடவினாலும் வழுக்கும், நல்லதுதான். டாக்டைலில் தண்டின் கால்களில் தடவினால், அந்த மூக்கும் தகடும் உராய்வில்லாமல் வழுக்கிப் புடைப்பு மழுங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தடையை நாமே செதுக்கித் தள்ளுவது போல. ஸ்பிரிங்கிலும் தண்டின் பக்கவாட்டிலும் சுவிட்சுக்கென்று விற்கும் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் இரண்டும் வேண்டாம்.

மாட்டும்போது

யுஎஸ்பி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கீ மூடியைக் கம்பி இழுப்பானால் நேராக மேலே தூக்குங்கள். சுவிட்ச் இழுப்பானின் இரண்டு பல்லும் சுவிட்சின் மேல், கீழ்ப் பக்கக் கவ்விகளை அழுத்த வேண்டும், இடம் வலமாகப் பிடித்தால் கூடுதான் கீறும். ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள்.

புது சுவிட்சைச் செருகும்முன் அதன் இரண்டு உலோக ஊசிகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். கூரியரில் வரும்போதே வளைந்திருப்பது சாதாரணம். வளைந்ததைச் சின்ன இடுக்கியால் நிமிர்த்தி, துளைக்கு நேராகப் பிடித்து, செங்குத்தாக ஒரே அழுத்தாக அழுத்துங்கள். முடிந்தால் போர்டின் பின்பக்கம் அந்த இடத்தில் ஒரு விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். சாய்த்து அழுத்தினால் ஊசி மடங்கிச் சுவிட்சுக்கு அடியில் படுத்துவிடும், அல்லது சாக்கெட்டே போர்டிலிருந்து பெயர்ந்துவிடும். ஊசி மடங்கினால் நிமிர்த்தலாம், சாக்கெட் பெயர்ந்தால் பற்றவைக்கத் தெரிந்தவரிடம்தான் போகவேண்டும்.

ஸ்பேஸ் பார், ஷிஃப்ட், என்டர் மட்டும் கடகடவென்றால் சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள். நீளமான கீ சாயாமல் தாங்கும் கம்பியான ஸ்டெபிலைசரின் சத்தம் அது, சுவிட்ச் மாற்றினால் போகாது.

எல்லாம் மாட்டியதும் வயரைச் செருகி, தமிழ்99-ல் வேகமாக "மக்கா" பத்து முறை, "மகள்" பத்து முறை தட்டுங்கள். எங்காவது "மகா" விழுந்தால் முதலில் உங்கள் விரலைச் சந்தேகியுங்கள். "மக்கள்" விழுந்தால் க இருக்கும் சுவிட்சைப் பிடுங்கி ஊசியைப் பாருங்கள், நேராக இருந்தால் வேறு ஒரு சுவிட்சை அங்கே போட்டு மறுபடியும் தட்டுங்கள்.